மலைக்காற்றும் இரும்புச்சத்தும்: விளையாட்டு விஞ்ஞானத்தோடு ஏழு ஆண்டுகள்

விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பில் நான் சேர்ந்து ஏழு ஆண்டுகளாகின்றன. நான்கு ஆண்டுகள் படித்தேன். மூன்று ஆண்டுகளாக அதை வைத்தே உழைக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வெளியானதும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வீடு தேடி வந்து, "இதைப் படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். வாசலில் நின்று பாதி பதில் சொல்லி அனுப்புவது மனதுக்கு ஒப்பவில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். பாடசாலைக் காலத்தில் 1500 மீற்றர் ஓடினேன். மாகாண மட்டம் வரை போனேன். கண்டியிலோ கொழும்பிலோ போட்டிக்கு இறங்கும்போதெல்லாம் யாராவது ஒரு பயிற்றுநர், "மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம், இவர்களை வெல்ல முடியாது" என்பார். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் கடைசிச் சுற்றில் எங்கள் பிள்ளைகள்தான் முதலில் தளர்ந்து விழுவார்கள். மூச்சு அதிகமென்றால் ஏன் விழுகிறோம்? அந்தக் கேள்வியோடுதான் படிக்கப் போனேன். விடை கிடைக்க மூன்றாம் ஆண்டாகிவிட்டது.

நுழைவுக்கு உயர்தர இசட் புள்ளி மட்டும் போதவில்லை. தகுதிகாண் பரீட்சையும் இருந்தது. அதில் விளையாட்டுச் சான்றிதழ்களையும் பார்த்தார்கள். பத்து வயதில் இல்ல விளையாட்டுப் போட்டியில் கிடைத்த சான்றிதழைக்கூட அம்மா அரிசிப் பேணிக்குள் பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். லயத்துக் கூரை ஒழுகும் வீடுகளில் காகிதம் தப்புவது அரிது. பிள்ளைகளே, சான்றிதழ்களை இன்றே படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் ஆண்டு கடினமானது. விரிவுரை ஆங்கிலத்தில், மைதானப் பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில். தமிழ் மொழி மூலம் படித்த எனக்கு உடற்கூற்றியலில் ஒவ்வொரு தசையின் பெயரும் புதிய மொழியாக இருந்தது. விடுதிச் சுவரில் எலும்புக்கூட்டுப் படம் ஒட்டி, சிங்களத் தோழி ஒருத்தியும் நானும் ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லிப் பழகினோம். இந்தப் படிப்பை விளையாட்டு என்று எண்ணி வருபவர்கள் முதல் அரையாண்டிலேயே அதிர்ச்சியடைகிறார்கள். உயிரியல், இரசாயனம், பௌதிகம், புள்ளிவிபரவியல் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஓடுவதைவிட உட்கார்ந்து படிக்கும் நேரமே கூடுதல். என் சொந்த ஓட்டம் இரண்டாம் ஆண்டோடு மங்கிவிட்டது. அந்த இழப்பை இன்றும் உணர்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான் படித்த இடத்தில் மூச்சுவாயுவை அளக்கும் கருவி ஏறத்தாழ ஓராண்டு பழுதாகிக் கிடந்தது. ஒட்சிசன் உள்ளெடுப்பைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, செய்முறைக்கு 40 சென்ரிமீற்றர் மரப்பெட்டியில் ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணினோம். அப்போது கோபம் வந்தது. இன்றைக்குத் தோட்டப் பாடசாலையில் என் கையில் இருப்பதும் மரப்பெட்டியும் நிறுத்தற் கடிகாரமும்தான் என்பதால் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. இருந்தாலும் பட்டம் கொடுக்கும் இடம் கருவியைப் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பாடங்களில், உடல் அசைவை அளந்து ஆராயும் உயிர்ப்பொறிமுறையியல் என்னை முதலில் ஈர்த்தது. காரணம் முத்தையா முரளிதரன். கண்டி மண்ணின் தமிழர் என்பதால் எங்கள் வீடுகளில் அவர் படம் இல்லாத சுவர் குறைவு. 1995 டிசம்பரில் மெல்பேர்ணில், பந்தை வீசாமல் எறிகிறார் என்று சொல்லி நடுவர் அவருடைய பந்தை முறையற்றது என்று அறிவித்த கதையை நான் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்தேன். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் அவர் கையசைவு அளக்கப்பட்டதையும், பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை கண்ணுக்கு எறிவது போன்ற தோற்றத்தைத் தருகிறது என்பதையும் விரிவுரையில் படித்தபோது மேனி சிலிர்த்தது. பின்னர் பந்துவீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று சர்வதேச கிரிக்கெட் பேரவை எல்லாருக்குமாக வரம்பு வைத்தது. கண்ணை நம்பித் தீர்ப்புச் சொன்ன இடத்துக்கு அளவு வந்து சேர்ந்தது. 800 டெஸ்ட் விக்கெட்டுகளுக்குப் பின்னால் கமெராவும் கோணமானியும் இருக்கின்றன என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறேன்.

இனி மூச்சுக்கு வருகிறேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். கடற்கரையிலும் அதே 21 வீதம்தான். குறைவது காற்றின் அமுக்கம். நுவரெலியாவில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசனும் குறைகிறது. உடல் ஈடுகட்ட, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களைக் கூட்டப் பார்க்கிறது. "மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் 1997இல் லெவின், ஸ்ட்ரே குண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வைப் படியுங்கள். உயரத்தில் வாழ்ந்து தாழ்விடத்தில் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் அதில் முன்னேறினார்கள். வாழ்ந்தது 2,500 மீற்றரில், பயிற்சி செய்தது 1,250 மீற்றரில். ஹட்டன் நகரின் உயரம் ஏறத்தாழ 1,270 மீற்றர். அவர்கள் தாழ்விடமாக எடுத்துக்கொண்டதே எங்கள் ஹட்டன் உயரம்! விடுதிக் கட்டிலில் கைபேசியில் அந்தக் கட்டுரையை வாசித்து, எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வாழும் உயரம் பெரிய வரமில்லை. கென்ய ஓட்டக்காரர்களோடு எங்களை ஒப்பிடும் பேச்சை அன்றோடு விட்டேன்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உயரத்துக்குப் போனாலும் உடலில் இரும்புச்சத்துக் கையிருப்பு குறைவாக இருந்தால் செங்குழியங்கள் கூடுவதில்லை. உயரம் கொடுக்க வந்தாலும் வாங்கிக்கொள்ள உடலில் சரக்கு வேண்டும். இதை வாசித்த இரவு என் பழைய அணியை நினைத்தேன். வெளிறிய கண்ணிமைகள், படியேறினால் படபடப்பு, கடைசிச் சுற்றில் சோர்வு. பெருந்தோட்டப் பெண்களிடம் குருதிச்சோகை பரவலாக இருப்பது எல்லோரும் அறிந்தது. எங்கள் பயிற்றுநர்கள் அதைச் சோம்பல் என்றும் மனத்துணிவு இல்லாமை என்றும் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அதை நம்பியும் விட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். செங்குழியத்துக்குள் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின்; அதை உருவாக்க இரும்பு வேண்டும். ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 100 மில்லிலீற்றர் குருதியில் 13 கிராம் இருந்தால் 17.4 மில்லிலீற்றர் சுமக்கலாம். 9.4 கிராம்தான் இருந்தால் 12.6 மில்லிலீற்றர். நுரையீரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுமக்கும் வண்டி குறைந்துவிட்டது. 9.4 என்பது நான் கற்பிக்கும் 800 மீற்றர் ஓட்டக்காரி ஒருத்தியின் உண்மையான அளவு. அவள் இரண்டாம் சுற்றில் நின்றுவிடுவதைப் பார்த்து முதலில் நானும் பயிற்சியைக் கூட்ட நினைத்தேன். படிப்பு தடுத்தது. வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றாலே குருதிச்சோகை. வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் உணவைக் கவனித்தேன்.

உணவு என்றதும் தேநீர் வருகிறது. நாங்கள் தேயிலையில் பிழைப்பவர்கள். விடியற்காலை ரொட்டியும் சம்பலும், அதோடு சூடாகச் சாயத் தேநீர். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் என்ற பொருட்கள் ரொட்டி, பருப்பு, கீரையிலுள்ள இரும்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் விடுவதில்லை. தேநீரை விடச் சொன்னால் லயத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள் என்றேன். விற்றமின் சி இரும்பை உடல் உறிஞ்ச உதவும். நெத்தலிக் கருவாடும் வாரத்தில் ஒரு நாள் ஈரலும் சேர்த்தால் இன்னும் நல்லது. நான்கு மாதத்தில் அந்தப் பிள்ளை இரண்டாம் சுற்றை ஓடி முடித்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவள் நேராக என்னிடம் வராமல் அம்மாவிடம் ஓடினாள். அம்மாவின் கையில் தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.

நான்காம் ஆண்டு விடுமுறையில் இன்னொன்று செய்தேன். பீடத்திலிருந்து இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டியை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்து அம்மாவுக்குக் கட்டினேன். "என்ன மகள், மலையில் வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார். சீலையும் படங்கும் கட்டியிருந்ததால் பட்டி வெளியே தெரியவில்லை. அன்று மூட்டம் கவிந்த சரிவு; அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தபோது நிமிடத்துக்கு 72 துடிப்பு. நிரையில் நின்று கொழுந்து கிள்ளும்போது 104. பை நிறைந்து, தலையில் பட்டி இழுக்க, முதுகில் சுமையோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும்போது 146. அப்போது அம்மாவுக்கு வயது 49. இதயம் உச்சமாகத் துடிக்கும் அளவை 220இலிருந்து வயதைக் கழித்து மதிப்பிடுவோம்; அம்மாவுக்கு அது 171. அதில் 85 வீதத்தை அவர் ஒரு நாளில் மூன்று முறை தொடுகிறார். நான் தீவிரப் பயிற்சியில் தொடும் அளவு அது. எனக்குப் பயிற்சி முடிந்ததும் ஓய்வும் முட்டையும் பாலும். அம்மாவுக்கு நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த 146ஐக் கொப்பியில் எழுதும்போது கை நடுங்கியது.

வேலை விடயத்தை நேராகச் சொல்கிறேன். பட்டம் பெற்றவுடன் வேலை வரவில்லை. ஒரு நேர்முகத் தேர்வில் என் பட்டத்தைப் பார்த்து, "விசில் ஊதுவதற்கு நான்கு ஆண்டு படிப்பா?" என்று கேட்டார்கள். கண்டியில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு வேலை செய்தேன். அங்கே வரும் நீரிழிவு நோயாளிகளுக்கும் முதுகு வலிக்காரர்களுக்கும் என் படிப்பு உதவியது. பிறகு பாடசாலைக்கு வந்தேன். என்னோடு படித்தவர்களில் சிலர் விளையாட்டு உத்தியோகத்தர்கள், சிலர் ஆசிரியர்கள், ஒருவர் வெளிநாட்டில் மேற்படிப்பு. நாங்கள் வைத்தியர்களும் இல்லை, இயன்முறை மருத்துவர்களும் இல்லை. காயம் பட்ட பிள்ளையை எப்போது அவர்களிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதே எங்கள் தொழிலின் பாதி.

நல்ல ஓட்டக்காரர் ஆக வேண்டும் என்பதற்காக இதில் சேராதீர்கள். அதற்கு நல்ல பயிற்றுநர் போதும். உடனே சம்பளம் வேண்டுமென்ற நெருக்கடி வீட்டில் இருந்தாலும் யோசியுங்கள். ஒரு பிள்ளை ஏன் களைக்கிறது, ஒரு முழங்கால் ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் உறக்கம் வராதவர்களுக்கு இந்தப் படிப்பு பொருந்தும். ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம், ஓராண்டில் பிடித்துக்கொள்ளலாம். புள்ளிவிபரவியலை மட்டும் முதலிலிருந்தே அக்கறையாகப் படியுங்கள். நான் படிக்காமல் விட்டதற்கு நான்காம் ஆண்டில் நிறைய அழுதேன்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் 20 மீற்றர் தூரத்தை இடைவிடாமல் போய்த் திரும்பி ஓடும் சோதனை வைக்கிறேன். வேகம் மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மேலும் கீழுமாக ஓடவிட்டால் அளவு பொய்த்துவிடும். அதனால் மலைச்சரிவுக்குக் குறுக்காக, கொழுந்து நிரை போகும் திசையிலேயே 20 மீற்றரை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். மழை கழுவிவிடும், மறுபடியும் போடுவேன்.

சென்ற மாதம் சம்பளத்தில் சொந்தமாக நெஞ்சுப்பட்டி ஒன்று வாங்கினேன். அம்மாவின் கங்காணிக் கூட்டத்தில் நான்கு பெண்கள் கட்டிக்கொள்ள இணங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 56. ஓகஸ்ட் விடுமுறையில் முதல் நாள் அவரோடுதான் மலைக்கு ஏறப் போகிறேன்.