புது ஸ்போர்ட்ஸ் பைக்கில் பழுது: வொரண்டியில் திருத்துவதா, திருப்பிக் கொடுப்பதா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் விற்கும் ஏஜென்ட்மாரின் வொரண்டி சேர்விஸுக்கு ஒரே புள்ளி போட முடியாது. கழற்றிப் பூட்டும் சாமானில் பழுதென்றால் நம்பிக் கொடுக்கலாம். செசி நம்பர் குத்திய பிரேமிலோ எஞ்சின் நம்பர் குத்திய கேஸிலோ (எஞ்சினின் வெளிக்கூடு) பழுதென்றால் கராஜில் விட்டுக் காத்திருப்பது நட்டம். மாற்று வண்டி அல்லது காசு கேளுங்கள்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் பற்றரி சார்ஜ் ஆகாத பிரச்சினை. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பற்றரியில் மல்டிமீற்றர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை. 15ஐத் தாண்டினால் பழுது ரெகுலேற்றரில் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சாமான்). 13ஐ எட்டாவிட்டால் ரெகுலேற்றர், ஸ்டேற்றர் (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்), சொக்கட் (வயர்களை இணைக்கும் இடம்) மூன்றில் ஒன்று. ரெகுலேற்றரை மாற்றுவது சின்ன வேலை. உள்ளூர் கராஜ்கள் இதைச் சரியாகவே செய்கின்றன. கல்லடி, காத்தான்குடி கடலோரப் பக்கம் ஓடும் வண்டியில் சொக்கட் பச்சை பூத்திருந்தால் மட்டும் "உப்புக் காற்று, வொரண்டி இல்லை" என்பார்கள். வண்டி எடுக்கும் அன்றே சீற்றைக் கழற்றி சொக்கட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். ரப்பர் சீல் இல்லாமலே வந்த சொக்கட் அதில் இருந்தால் குறை கம்பனியுடையது.

ஒயில் கசிவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கராஜில் கேஸ்கெட் (மூடிக்கும் கேஸுக்கும் இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றி, துடைத்து, தந்துவிடுவார்கள். இரண்டு கிழமையில் மறுபடி ஈரம். எஞ்சினின் கீழ்ப்பகுதியை பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவி, 10 கிலோமீற்றர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். மூடியும் கேஸும் சேரும் விளிம்பில் தொடங்கினால் கேஸ்கெட், திருத்தலாம். விளிம்பிலிருந்து தள்ளி, வெறும் அலுமினியத்தின் நடுவில் தொடங்கினால் வார்ப்பிலேயே ஓட்டை. கேஸை மாற்றினால் எஞ்சின் நம்பரும் மாறும், பதிவுப் புத்தகத்தில் திருத்தம் செய்ய வேண்டும், பிறகு விற்கும்போது வாங்குபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். அந்த வண்டியைத் திருத்த விடாதீர்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ரயர் காற்று, பிறகு செயின் அட்ஜஸ்டரின் இரு பக்கக் கோடுகளும் சமமா என்று பாருங்கள். அடுத்து நூல். ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, பின் ரயரின் பின்புறம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூலைச் சுற்றி, இரு நுனிகளையும் அதே பின் ரயரின் முன்விளிம்பைத் தொடுமளவு வைத்து முன் ரயர் வரை முன்னால் இழுங்கள். முன் ரயரின் அகலம் 100, பின் ரயரின் அகலம் 140 மில்லிமீற்றர் என்றால் நூலுக்கும் முன் ரயருக்கும் நடுவே முன் ரயரின் இரு பக்கமும் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் இடைவெளி வரவேண்டும். ஒரு பக்கம் 26, மறுபக்கம் 14 என்று வந்தால், போர்க்கை (முன் சில்லைத் தாங்கும் இரு குழாய்கள்) இறுக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கிப் பூட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே அளவென்றால் ஸ்விங்ஆமையோ (பின் சில்லைத் தாங்கும் கை) பிரேமையோ சந்தேகிக்க வேண்டும். ஸ்விங்ஆம் மாற்றக்கூடியது. பிரேம் என்றால் பேச்சுக்கு இடமில்லை, மாற்று வண்டி அல்லது காசுதான்.

ஜாப் கார்டில் (வண்டியை எடுக்கும்போது கராஜ் எழுதும் வேலைச் சீட்டு) "ஜெனரல் செக்" என்று எழுத விடாதீர்கள். "இடது கேஸில் ஒயில் கசிவு, 640 கிலோமீற்றர்" என்ற மாதிரி, குறையும் மீற்றரும் இருக்க வேண்டும், பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். முதல் சேர்விஸைத் தவறவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையில் உங்களை விரட்டுவது காலக்கெடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாடு விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பல் என மூன்றில் ஒன்றை உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. "சாமான் கொழும்பிலிருந்து வரவேணும்" என்ற பதிலுக்கே இரண்டு மாதம் போய்விடும். சாமான் வரட்டும் என்று இருக்காமல், ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதிகாரசபைக்கு ஒரு முறைப்பாடு. விசாரிக்க அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. குறை தெரிந்தும் ஒன்றும் எழுதாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது.

திருப்பி எடுக்கிறோம் என்று ஏஜென்ட் சொன்னதும் சம்மதிக்க வேண்டாம். அவர் சொல்வது பழைய பைக் விலையாக இருக்கும். பில் விலை, பதிவுக் கட்டணம், மீதி மாதங்களுக்கான இன்ஷூரன்ஸ், லீசிங் வட்டி நான்கையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். லீசிங் வண்டி என்றால் லீசிங் கம்பனியின் தீர்வுத் தொகைக் கடிதம் (கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று சொல்வது) கைக்கு வரும்வரை தவணையை நிறுத்தக் கூடாது. வண்டி கராஜில் கிடந்தாலும் கடன் உங்கள் பெயரில்தான். ஓப்பன் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாத மாற்றப் பத்திரம்) கையெழுத்துக் கேட்டால் மறுத்து, ஏஜென்டின் பெயருக்கே உடைமை மாற்றம் செய்யச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் அந்த பைக் எங்கே மோதினாலும் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு.