எட்டு நாள் லீவில் எந்தப் பயிற்சிக்குப் போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் இளைஞர் மன்றத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். பெரும்பாலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்த குடும்பத்துப் பிள்ளைகள். பகலில் தொழிற்சாலை, இரவில் டியூஷன் வகுப்பு, சனிக்கிழமை ஃபுட்சால். நடுவில் யாராவது பையனுக்கு அரசுப் பல்கலைக்கழகத்துக்கான யூபியூ விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள், பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு வழி சொல்வார்கள். சம்பளம் கிடையாது. இளைஞர் பணியாளர் என்று வெளிநாட்டில் சொல்வது இவர்களைத்தான், ஆனால் அங்கே பல நாடுகளில் அது படித்துவிட்டுச் சேரும் உத்தியோகம்.

இவர்களுக்குக் கணினி, இணையத் திறன் வளர எந்த வெளிநாட்டுப் பயிற்சிப் பரிமாற்றத்துக்கு அனுப்பலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எது தரமான பயிற்சி என்றே எல்லாரும் பேசினார்கள். என் முதல் கேள்வி லீவு. வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள், ஐந்து வருஷத்துக்குள் 12, அதற்குமேல் 16. இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ்தான் எல்லார் வாயிலும் அடிபடுகிறது. 1987ல் மாணவர் பரிமாற்றமாகத் தொடங்கிய எராஸ்மஸின் இன்றைய உருவம். இளைஞர் பணியாளர் பயிற்சி 2 நாள் முதல் 60 நாள் வரை இருக்கலாம். நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு வாரம். தனி ஆளாக மனுப்போட முடியாது, அமைப்பு வழியாகத்தான். மலேசியக் கடப்பிதழுக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் எந்த நாட்டு அமைப்புகள் சேரலாம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

எங்கள் தம்பி ஒருவன் அப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்தான். புதிதாக எந்த மென்பொருளும் கற்றுவரவில்லை என்று முதலில் எனக்கு ஏமாற்றம். அப்புறம் ஒரு வெள்ளி இரவு மன்றத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டான். தன் அம்மாவின் போனுக்கு வந்த குறுஞ்செய்திகளை அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான். 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது', 'வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டால் 300 வெள்ளி (ரிங்கிட்)' என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். எது நிஜம், எது மோசடி என்று பிள்ளைகளே தரையில் இரண்டு குவியலாகப் பிரித்தார்கள். சந்தேகம் வந்த கணக்கு எண்ணை, மோசடியில் சிக்கிய கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்தார்கள். மோசடியில் மாட்டினால் அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணை ஒவ்வொருவரும் போனில் பதிந்துகொண்டார்கள். பதினேழு வயசுப் பையன் ஒருவன் தன் ஏடிஎம் கார்டை ஒரு 'அண்ணனிடம்' கொடுத்திருப்பதாக அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். நான் மூன்று வருஷமாக ஸ்லைடு போட்டுப் பேசியதில் வராத பேச்சு அது.

குறையும் உண்டு. டிக்கெட்டை நாமே வாங்கினோம், பணம் பிறகு வரும் என்றார்கள். அழைத்த அமைப்பு அதைத் திருப்பித் தர நான்கு மாதம் ஆனது. அதுவரை மன்றத்துக் கையிருப்பு காலி.

வெளிநாட்டவருக்கு இந்தியா நடத்தும் ஐடெக் பயிற்சித் திட்டம் செலவு விஷயத்தில் இதற்கு நேர் எதிர். 1964 முதல் நடக்கிறது. விமானச் சீட்டு, தங்குமிடம், படிப்புச் செலவு எல்லாம் இந்திய அரசு பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்கும் தரும். இணையப் பாதுகாப்பு, தரவு என்று கணினிப் பாடங்களும் கனமானவை. ஆனால் வயது 25 முதல் 45 வரை, ஆங்கிலம் வேண்டும், மனு நம் அரசு வழியாகப் போக வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இருபத்திரண்டு கூட ஆகவில்லை. வாரக்கணக்கில் நடக்கும் வகுப்புக்குத் தொழிற்சாலை ஆளை யார் விடுவார்கள்? அதோடு, கணினியைச் சொல்லித்தருவார்களே தவிர, கார்டைக் கொடுத்துவிட்டு முழிக்கும் பையனிடம் எப்படிப் பேசுவது என்பது அங்கே பாடமில்லை. பள்ளி ஆசிரியர், அரசு ஊழியர் என்றால் தயங்காமல் போகலாம்.

1974ல் தொடங்கிய ஜப்பான்–தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் திட்டத்தையும் ஒருவர் இழுத்தார். கொரோனாவுக்கு முன் அது ஏறக்குறைய 50 நாள். நட்புக்கு நல்லது, நம் தேவைக்கு இல்லை.

கடைசி வழி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது: வீட்டிலிருந்தபடியே இணையவழிப் பரிமாற்றம். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்ட இளைஞர் குழு ஒன்றோடு நான்கு ஞாயிறு செய்து பார்த்தோம். அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், அங்கே மாலை ஆறு என்றால் இங்கே எட்டரை. அதே லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாழ்க்கை, அதே தமிழ், நம்முடைய 'பாசார் மாலாம்' (இரவுச் சந்தை) மட்டும் அவர்களுக்குப் புரியவில்லை. கணினி, இணையத் திறனை அளக்க ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் டிஜ்காம்ப் சட்டகத்தில் உள்ள ஐந்து பிரிவுகளைத் தமிழில் கேள்விகளாக்கி எல்லாரும் தங்களைத் தாங்களே எடைபோட்டோம். பாதுகாப்புப் பிரிவில் இரண்டு பக்கமும் சறுக்கல். மூன்றாம் வாரம் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள், அதுதான் இதன் நோய். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்கு ஈடு இல்லை.

ஆகவே என் கணக்கு இப்படி: முதலில் எல்லாருக்கும் இந்த ஞாயிறு வகுப்பு. அதில் கடைசிவரை கேமராவைத் திறந்து வைத்திருந்தவர்களில், 12 நாள் லீவு உள்ள ஒருவர் ஐரோப்பாவுக்கு. திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் மூன்று அமர்வு நடத்த வேண்டும், அதில் ஒன்று தாமான் மண்டபத்தில் பெற்றோருக்கு.

இதைச் சொன்னதும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள். வேலையில் சேர்ந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை, எட்டு நாள்தான். பயிற்சி ஆறு நாள், போகவர மூன்று, நடுவில் வாரஓய்வு ஒன்றைக் கழித்தால் சரியாக எட்டு. வருஷ லீவு முழுதும் போய்விடுமே, தீபாவளிக்கு என்ன செய்வாய் என்றேன்.

"அது பப்ளிக் ஹாலிடேதானே அண்ணே," என்றாள்.