பொலிஸ்மீது முறைப்பாடு: மலையகத்தில் இந்தச் சேவை எந்தளவுக்குத் தேறும்?

பொலிஸ்மீது முறைப்பாடு செய்ய இலங்கையில் நான்கு கதவுகள் இருக்கின்றன: பொலிஸ் நிலையத்து மேசை, 1960 என்ற இலக்கத்தோடு தேசிய பொலிஸ் ஆணைக்குழு, 1996 என்ற இலக்கத்தோடு மனித உரிமைகள் ஆணைக்குழு, கடைசியாகக் கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றம். காகிதத்தில் நான்கும் எல்லோருக்கும் பொது. டயகமவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு லயத்து வாசலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு தூரம், ஒவ்வொரு மொழி. இந்த மதிப்பீடு அந்த வாசலிலிருந்து எழுதப்பட்டது.

சர்ச்சைக்குரிய பொலிஸ் துப்பாக்கிச் சூடு ஒன்று நடந்தால் அறிக்கை வரும், விசாரணைக் குழு வரும், சம்பந்தப்பட்டவர்களுக்கு இடமாற்றம் வரும். மலையகத்துக்கு இது புதிதில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். 1977 மே 11 அன்று, தோட்டக் காணிகளைக் கையேற்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ்க் கைதிகளைக் கும்பல் கொன்றபோது பொலிசார் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்று எஞ்சியிருந்த நால்வரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மலை அடிவாரத்து ரம்புக்கனையில் 2022 ஏப்ரல் 19 அன்று எரிபொருள் விலைக்காக வீதியை மறித்தவர்கள்மீது சுட்டதில் ஒருவர் இறந்தார். 2023 டிசம்பர் 31 வெலிகம ஹோட்டல் சம்பவத்தில் பொலிசாரின் சூட்டில் பொலிஸ்காரரே இறந்தார். அது வளர்ந்து வளர்ந்து 2025 ஓகஸ்டில் பொலிஸ் மா அதிபரை 177 வாக்குகளால் பாராளுமன்றம் பதவியிலிருந்து நீக்குவதில் போய் முடிந்தது. மேலே ஆள் மாறியது உண்மை. கீழே மேசை மாறியதா என்பதுதான் கேள்வி.

மேசையிலிருந்தே தொடங்குவோம், பெரும்பாலான முறைப்பாடுகள் சாவது அங்கேதான். "என்ட்ரி போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். எந்தப் புத்தகத்தில்? நிலையத்தில் தகவல் புத்தகங்கள் பல இருக்கின்றன. பாரதூரமான குற்றங்களுக்கு ஒன்று, சிறு குற்றங்களுக்கு ஒன்று, அன்றாட விஷயங்களுக்கு ஒன்று. பொலிஸ்காரர் அடித்து எலும்பு உடைந்த விஷயம் அன்றாடப் புத்தகத்தில் போனால் அது காணாமல்போன அடையாள அட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும். ஆகவே கையில் தரும் துண்டில் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி, நேரம் ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அங்கேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். பிறகு சான்றுப்படுத்திய பிரதி எடுக்க இந்தத் துண்டுதான் சாவி.

அடுத்தது மொழி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை எந்த மொழியில் சொன்னோமோ அந்த மொழியில் எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழி எழுத முடியாவிட்டால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். உங்களுக்கும் எழுத முடியாத பட்சத்தில்தான் வேறு தேசிய மொழியில் அவர் எழுதலாம். அப்போதும் அதற்குக் காரணம் பதிய வேண்டும். நடப்பில் இந்த நடுப்படி காணாமல் போய்விடுகிறது. தமிழில் சொல்வதை வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரோ பக்கத்துக் கடைக்காரரோ மொழிபெயர்க்க, சார்ஜன் சிங்களத்தில் எழுதி முடித்துவிடுகிறார்.

இதில் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துக் காட்டலாம். தாய் சொல்கிறாள்: "பொலிஸ்காரர் என் மகனைச் சுட்டார்." சிங்களத்தில் இதற்கு நேரான வினை "வெடி தெபுவா". ஆனால் அவசரத்தில் எழுதப்படுவது "வெடி வெதுனா", அதாவது சூடு பட்டது. சுட்டவர் வசனத்திலிருந்தே எழுந்து போய்விட்டார். தமிழிலும் "சுட்டார்", "சூடு பட்டது" என்ற இரண்டும் இருக்கின்றன. எது எழுதப்பட்டது என்பதை ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில்தான் குடும்பம் அறிகிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த முதல் வாக்குமூலத்தை எடுத்து, "பொலிஸ் சுட்டதாக நீங்கள் அன்றைக்குச் சொல்லவில்லையே?" என்பார். வாக்குமூலத்தின் முடிவில் வழக்கமாக வரும் "எனக்குச் சொல்ல உள்ளது இவ்வளவுதான், வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன்" என்ற வரிகளுக்குக் கீழே உங்கள் கையொப்பமும் இருக்கும்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. போவதற்கு முன்னமே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். ஏ4 தாள் இரண்டு போதும். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டது, எத்தனை வெடிச் சத்தம், பொலிஸ்காரரின் சட்டை இலக்கம், வாகன இலக்கம். ஊகம் வேண்டாம், "பழிவாங்கச் சுட்டார்" என்பது ஊகம், "ஓடிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து சுட்டார்" என்பது கண்டது. மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். சிங்களத்தில் எழுதியதில் ஒப்பமிடச் சொன்னால், ஒப்பத்துக்கு மேலே உங்கள் கையால் "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதி, நேரத்தைக் குறித்துவிட்டு ஒப்பமிடலாம். கடைசி வரிக்கும் ஒப்பத்துக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். மொழி உரிமை மீறலுக்கென்று வைத்த தொலைபேசி இலக்கம் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம். தெரிவு செய்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

தோட்டத் தலைவரையோ தொழிற்சங்கக்காரரையோ கூட்டிப் போவது வழக்கம். நல்லதுதான், ஆனால் ஒரு கண்ணி உண்டு: பேச்சு சீக்கிரமே "சமாதானம்" பக்கம் திரும்பும். வேலிச் சண்டைக்குச் சமாதானம் பொருந்தும். பொலிஸ் அடித்ததற்கோ சுட்டதற்கோ சமாதானப் புத்தகத்தில் ஒப்பமிட்டால், பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த ஒப்பம் முன்னால் வந்து நிற்கும்.

மொத்தத்தில் மேசைக்கு ஐந்தில் ஒன்றரை. தமிழ் எழுதத் தெரிந்த அதிகாரி கடமையில் இருக்கும் நாளில் அதே மேசை மூன்றரைக்கு ஏறிவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தத்தோடு பிறந்தது. 18ஆம் திருத்தத்தில் பல் பிடுங்கப்பட்டு, 19இல் முளைத்து, 20இல் மறுபடி ஆட்டங்கண்டு, 2022இல் 21ஆம் திருத்தத்தோடு இப்போதைய நிலைக்கு வந்திருக்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம். வழக்குத் தொடரவோ நட்டஈடு கொடுக்கவோ முடியாது. பெரிய குறை இதுதான்: முறைப்பாடு கொழும்பு போய், அறிக்கை கேட்டு அதே பகுதிப் பொலிஸ் உயரதிகாரியிடமே திரும்பி வரும். பிறகு சம்பந்தப்பட்ட நிலையத்திலிருந்தே "வாக்குமூலம் கொடுக்க வாங்க" என்று அழைப்பு வரலாம். அந்த நிலையத்துக்குப் போக விருப்பமில்லை, வேறு பிரிவு அதிகாரியிடம் தருகிறேன் என்று முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தது, கெட்ட வார்த்தையால் ஏசியது, காசு கேட்டது போன்றவற்றுக்கு இந்தக் கதவு நன்றாகவே திறக்கிறது. உயிர் போன விஷயத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மனித உரிமைகள் ஆணைக்குழு வேறு ரகம். அதன் தொலைபேசி இலக்கமும் வருடம்தான்: 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, தமிழில் எழுதலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், ஒரு சதமும் கட்டணமில்லை. ஆள் உள்ளே இருக்கும்போதே அழைத்தால் நிலையத்துக்கே வந்து பார்க்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அடைத்து வைக்கப்பட்டவர் விஷயத்தில் 1996ஐ முதலில் அழைப்பதுதான் புத்தி. முடிவில் அது தருவது பரிந்துரை மட்டுமே. பரிந்துரையைப் பொலிஸ் அலுமாரியில் வைத்தால் வைத்ததுதான். இருந்தாலும் இதன் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது, அதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. நம் வீடுகளில் சாவு விழுந்தால் "கருமாதி முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான் முதல் பேச்சு. கருமாதி பதினாறாம் நாள். அத்தோடு பாதி மாதம் போய்விட்டது. பிறகு கொழும்புக்கு ஆள் தேட, சட்டத்தரணிக்குக் காசு புரட்ட, சம்பள நாள் வரக் காத்திருக்க மீதியும் போகும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர்ந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. அந்த ஆணைக்குழுவின் சட்டத்தில் 13ஆம் பிரிவு தரும் சலுகை அது. ஆனால் கடிதம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே தபால் துண்டையும், ஆணைக்குழு அனுப்பும் முறைப்பாட்டு இலக்கத்தையும், அழைத்த கடிதங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். இறந்தவர் எப்படி மனுப் போடுவார் என்ற பழைய கேள்விக்கு 2003இலேயே பதில் வந்துவிட்டது: பொலிஸ் சித்திரவதையால் இறந்தவரின் மனைவி வழக்காடலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம்.

ஆதாரம் கெட்டுப்போவதில் நம் ஊர்க் காலநிலைக்கும் பங்குண்டு. இரத்தம் பட்ட உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் இந்தப் பனியில் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கழுவாமல், வெயில் படாமல், நிழலில் காயவைத்து, பிரவுண் கடதாசிப் பையில் ஒரு பைக்கு ஓர் உடுப்பாக வையுங்கள். துளை உள்ள இடத்தை மடிக்காதீர்கள். வெற்றுத் தோட்டா கிடந்தால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, பின்னால் லயமோ மரமோ தெரிய இன்னொரு படமும் எடுங்கள். வீடியோவை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த நேர விபரமும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், எடுத்த போனை அழிக்காமல் வையுங்கள்.

காயம்பட்டவர் அரசாங்க வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். டிக்கோயா, நுவரெலியா, பதுளை எதுவானாலும் வார்ட்டு வைத்தியரிடம் "பொலிஸ் அடித்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, அது பதிவுத் தாளில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். "விழுந்துட்டேன்" என்று பயத்தில் ஒருமுறை சொன்னால் அதுவே முதல் சாட்சியமாகிவிடும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையையும் அங்கேயே கேட்கலாம்.

பொலிஸ் காவலில் இறந்தால் மரண விசாரணையை நீதவான்தான் நடத்த வேண்டும். அங்கே குடும்பம் பேசலாம், சட்டத்தரணி ஆஜராகலாம். இரண்டு விஷயம் கட்டாயம் கேளுங்கள்: பிரேத பரிசோதனை அறிக்கையின் பிரதி, தகனம் செய்யாமல் புதைக்க அனுமதி. தோண்டிப் பார்க்க வேண்டிய தேவை வந்தால் சாம்பலிடம் கேட்க முடியாது. "ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப் போனோம், தாக்க வந்தார், சுட்டோம்" என்ற கதை வந்தால், கூட்டிப் போன நேரமும் கையில் விலங்கு இருந்ததா என்பதும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிப் பலருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் வழக்கமான 14 வேலை நாளுக்குப் பதிலாக 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அதை எழுதாவிட்டால் சாதாரண வரிசையில் போய்விடும். தமிழில் எழுதலாம்.

சாட்சி சொன்னவரை இரவில் லயத்துக்கு வந்து "விசாரித்தால்", அதுவே சாட்சிகளைப் பாதுகாக்கும் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி முறைப்பாட்டுக்குக் காரணம். வந்த நேரம், வாகன இலக்கம், பக்கத்து வீட்டில் பார்த்தவர் யார் என்பதை அன்றிரவே அப்பியாசக் கொப்பியில் குறித்துவிடுங்கள். திகதியோடு வரிசையாக எழுதிய கொப்பியை, பின்னர் ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட நீதிமன்றம் மேலாக எடுத்துக்கொள்ளும்.