காவேரிப்பாக்கம் வண்டலுக்குச் சரி, பழவேற்காட்டுச் சேற்றுக்குச் சொல்லிக் கேட்கணும்: வேலூர் மண் லேப் ஒன்றின் அங்ககக் கரிமப் பரிசோதனை

காட்பாடிப் பக்கம் உள்ள இந்தத் தனியார் மண் பரிசோதனை லேபுக்கு ஏரி வண்டல் அடிக்கப்போகும் விவசாயிகள் வருகிறார்கள். பழவேற்காட்டில் சேறு எடுத்து ப்ராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். இரண்டு பைகளும் ஒரே மேசைக்குத்தான் போகின்றன, சிக்கலே அதுதான். காவேரிப்பாக்கம் ஏரி வண்டலுக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். பழவேற்காட்டுச் சேற்றுக்கு, ஒன்றும் சொல்லாமல் பையை நீட்டினால், 2-க்கு மேல் தேறாது.

மண்ணில் அங்ககக் கரிமம் (மக்கிய செடிகொடி, உயிர்களிலிருந்து வந்து தங்கிய கரிமம்) எவ்வளவு என்று அளக்க இங்கே செய்வது வாக்லி-பிளாக் முறை. 1934-இல் வந்தது, நாட்டில் பெரும்பாலான மண் லேப்களில் இன்றும் இதுதான். சலித்த மண் 0.5 முதல் 1 கிராம், அதில் 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி. அமிலச் சூட்டில் டைகுரோமேட் கரிமத்தை எரிக்கும். 30 நிமிடம் வைத்து, 200 மி.லி. தண்ணீரும் 10 மி.லி. பாஸ்பாரிக் அமிலமும் ஊற்றி, எரிக்காமல் மீந்த டைகுரோமேட்டை 0.5 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் டைட்ரேட் செய்கிறார்கள், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். நிறம் காட்டும் டைபினைலமின் போட்டால் அழுக்கு நிறம் கருநீலமாகி, கடைசியில் ஒரே சொட்டில் பச்சைக்குத் தாவும். அந்தச் சொட்டைத் தவறவிடாத கை இந்த லேபில் இருக்கிறது. பிளாங்கும் (மண் போடாமல் செய்யும் அதே சோதனை) அன்றன்றைக்குப் போடுகிறார்கள். ஃபெரஸ் கரைசல் காற்றுப் பட்டாலே வலு குறையும், அதனால் நேற்றைய பிளாங்கை இன்றைக்கு வைத்துக் கணக்குப் போடும் லேபை நம்பவே கூடாது. பிளாங்குக்கு ஃபெரஸ் கரைசல் 20 மி.லி. ஆகும். மாதிரிக்கு 4 மி.லி.க்குக் கீழே போனால் டைகுரோமேட் போதவில்லை என்று பொருள். எடையைப் பாதியாக்கி மறுபடி செய்ய வேண்டும். இதையும் கேட்காமலே செய்து தருகிறார்கள்.

சறுக்குவது உப்பில். டைகுரோமேட்டுக்குக் கரிமம் எது, குளோரைடு எது என்று தெரியாது, இரண்டையும் தின்னும். குளோரைடு தின்ற பங்கும் கரிமக் கணக்கிலேயே ஏறிவிடும். பழவேற்காடு ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும். கோடையில் வற்றும் ஓரங்களில் உப்பு கடலையே மிஞ்சும். (ஆரணியாறு என்றதும் நம் ஆரணி என்று எண்ண வேண்டாம். ஆரணி ஊரை ஒட்டி ஓடுவது கமண்டல நாகநதி.)

கணக்குப் போட்டால் விளங்கும். ஈரச் சேற்றில் 60 சதவீதம் தண்ணீர், அது கடல்நீர் அளவு உப்பு என்று வையுங்கள். காயவைத்தால் தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே தங்கும். காய்ந்த சேற்றில் குளோரைடு ஏறக்குறைய 2.7 சதவீதம் நிற்கும். குளோரைடு சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் வருவது பொய்க் கரிமம், இங்கே 0.225. டைட்ரேஷன் கணக்கில் கரிமம் 1.20 சதவீதம் வந்திருந்தால் உண்மை 0.975தான். இந்த முறை கரிமத்தில் 77 சதவீதத்தைத்தான் எரிக்கும் என்பதால் 1.3-ஆல் பெருக்குவார்கள், பிறகு கரிமத்தைக் கரிமப் பொருளாக மாற்ற 1.724-ஆல். திருத்தாவிட்டால் 2.69, திருத்தினால் 2.19. அரை சதவீதம் வெறும் உப்பு! ரிப்போர்ட்டில் வரும் எண் 1.3-ஆல் பெருக்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெருக்குவதற்கு முன்புதான் கழிக்க வேண்டும், பலர் பெருக்கிவிட்டுக் கழிக்கிறார்கள்.

இதைவிட நல்ல வழி, அமிலத்திலேயே வெள்ளி சல்பேட்டைக் கரைத்து வைப்பது. லிட்டருக்கு 15 கிராம். அரை கிராம் சேற்றில் உள்ள 13 மில்லிகிராம் சொச்சம் குளோரைடை வெள்ளைப் படிவாக இறக்க அது தாராளம். இந்த லேபில் அந்த அமிலம் இருக்கிறது, ஆனால் வாயைத் திறந்து கேட்டால்தான் அலமாரியிலிருந்து இறங்கும். வெள்ளி விற்கிற விலைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில் தப்பில்லை. தோல் தொழிற்சாலை உப்பு ஏறிய நிலங்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கொஞ்சமா? அந்த மண்ணுக்கும் இதே கோளாறு உண்டு. அப்படியிருக்க, ‘உப்பு மண்ணா?’ என்று கவுன்டரில் ஒரு கேள்வி கேட்காதது பெரிய குறை. தண்ணீரில் அலசிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உப்போடு கரையும் கரிமமும் நுண்ணிய களியும் சேர்ந்து ஓடிவிடும்.

இன்னொரு பொய், கருஞ்சேறு. கிளறினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் சேற்றில் சல்பைடும் ஃபெரஸ் இரும்பும் இருக்கும், இரண்டும் டைகுரோமேட்டைத் தின்னும். மெல்லிய படலமாகப் பரப்பி, கருப்பு மாறிப் பழுப்பாகும் வரை நிழலில் காற்றாட விட்டால் பெரும்பகுதி அடங்கும். இங்கே மாடியில் செய்தித்தாள் மேல் பரப்புகிறார்கள். பரவாயில்லை, ஆனால் கட்டியாக விட்டுவிடுகிறார்கள், உடைத்துப் பார்த்தால் உள்ளே கருப்பு அப்படியே இருக்கிறது. நீங்களே உலர்த்திக் கொடுப்பது மேல்.

மஃபில் பர்னஸ் என்ற உயர்சூட்டு உலையில் எரித்து எடைக் குறைவு பார்ப்பதும் உண்டு. 105 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து எடை, 550 டிகிரியில் 4 மணி நேரம் எரித்து எடை. இடையில் குறைந்த எடைதான் கரிமப் பொருள். உப்பு இங்கே அவ்வளவாகத் தொல்லை தராது, களிதான் தரும். களிக்குள் கட்டுண்ட நீரும் 550-இல் வெளியேறி, கரிமப் பொருளைக் கூட்டிக் காட்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பையும் அளக்க 950 டிகிரி வரை போனால் உப்பும் கை வைக்கும். சோடியம் குளோரைடு 801 டிகிரியில் உருகி ஆவியாகும், அந்த இழப்பு சுண்ணாம்புக் கணக்கில் விழும். குருசிபிளை (எரிக்கும் கிண்ணத்தை) டெசிகேட்டரில் (ஈரம் ஏறாத மூடிய பாத்திரத்தில்) முழுக்க ஆறவிட்டு எடை பார்க்கிறார்களா என்று நின்று பாருங்கள். சூட்டோடு தராசில் வைத்தால் எடை குறைத்துக் காட்டும்.

ரிப்போர்ட் அச்சடித்த படிவம். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் அதிகம் என்று வயலுக்கான அளவுகோல். பழவேற்காட்டுச் சேற்றுக்கு நேராகவும் ‘அதிகம்’ என்று போட்டு, கீழே யூரியா எவ்வளவு இட வேண்டும் என்று பரிந்துரையும் வருகிறது! மீனுக்கா இறாலுக்கா தெரியவில்லை. டைட்ரேஷன் அளவு, பிளாங்க், எடுத்த எடை மூன்றும் படிவத்தில் இல்லை. கேட்டால் நோட்டைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். அந்த மூன்றும் இருந்தால்தான் பிற்பாடு திருத்த முடியும்.

பை கொடுக்கும்போது சீட்டில் இப்படி எழுதுங்கள்: ‘உவர்நீர்ச் சேறு. கிளிஞ்சல் பொறுக்கியது. நிழலில் உலர்த்தியது. வெள்ளி சல்பேட் அமிலம் போடவும். எடை 0.5 கிராம். குளோரைடு தனியாகப் பார்க்கவும்.’ ஒரே சேற்றை இரண்டு பையில் வேறு வேறு எண் போட்டுக் கொடுத்தால் கை எவ்வளவு ஒத்துவருகிறது என்பதும் தெரிந்துவிடும். அப்படியே, டைட்ரேஷன் முடிந்த குரோமியக் கழிவு எங்கே போகிறது என்றும் கேட்டு வையுங்கள். குரோமியக் கழிவால் கெட்ட ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சிங்க்கில் ஊற்றும் லேபுக்கு எத்தனை மார்க் போட்டாலும் தகாது.