சேலத்தில் ஏலத்தில் தொழில் வாங்க: வங்கி ஏலமா, திவால் ஏலமா, இணையக் கடையா?

ஆத்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஜலகண்டாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கூடம், ஏற்காட்டில் பாதியில் நின்றுபோன ரிசார்ட். இப்படிப்பட்ட இடங்கள் இப்போது தரகர் வாயிலாக மட்டும் விலைக்கு வருவதில்லை, ஏலத் தளங்களிலும் வருகின்றன. கடன் கட்டாத சொத்தை வங்கி விற்பது ஒரு வழி. கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தைக் கலைப்பாளர் விற்பது இன்னொன்று. இடமே இல்லாமல் இணையத்தில் மட்டும் நடக்கும் கடையை ஃபிளிப்பா போன்ற சந்தைகளில் ஏலம் எடுப்பது மூன்றாவது.

மூன்றையும் ‘ஆன்லைன் ஏலம்’ என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். கைக்கு வரும் சரக்கோ மூன்றிலும் வேறு வேறு. ஓடிக்கொண்டிருக்கும் தொழில் அப்படியே கைமாறுவது அபூர்வம். அதனால் விலை கேட்கும் முன் எது வரும் என்பதைவிட எது வராது என்பதை எழுதிப் பார்ப்பதுதான் முதல் வேலை. எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம்: ஆலை நடத்த நினைப்பவருக்குத் திவால் ஏலம் மேல். ரொக்கம் கையில் இருந்து, இடமும் காலியாக இருந்தால் வங்கி ஏலம். விற்பதற்குச் சொந்தச் சரக்கு வைத்திருப்பவர் மட்டும் இணையக் கடைப் பக்கம் போகலாம்.

வங்கி ஏலம்

அடகுச் சொத்தை வங்கியே விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடப்பது இது. பொதுத்துறை வங்கிகளின் ஏலங்கள் பேங்க்நெட் தளத்தில் வருகின்றன. பதிவு செய்து, அடையாளச் சான்று ஏற்றி, முன்வைப்புத் தொகையைக் கட்டினால்தான் விலை கேட்க முடியும். முன்வைப்புத் தொகை பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம்.

பணம் கட்டும் காலக்கெடுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறைந்தபட்ச விலை 1 கோடியே 10 லட்சம் என்று வையுங்கள். 11 லட்சம் கட்டி உள்ளே போகிறீர்கள். 1 கோடியே 20 லட்சத்துக்கு உங்கள் பெயரில் முடிகிறது. அன்றோ, அடுத்த வேலை நாளுக்குள்ளோ விலையில் 25 சதவீதம், அதாவது 30 லட்சம் முழுமையாக வேண்டும். முன்பு கட்டிய 11 போக இன்னும் 19 லட்சம். விற்பனை உறுதியானதும் மீதி 90 லட்சத்துக்கு 15 நாள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மொத்தம் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் இல்லை. இன்னொரு வங்கியில் கடன் வாங்கி இந்த 90 லட்சத்தைக் கட்டிவிடலாம் என்பதை நம்பிப் போகாதீர்கள். சட்டக் கருத்து, மதிப்பீடு, கடன் அனுமதி எல்லாம் 15 நாளில் முடிகிற காரியமல்ல. கட்டத் தவறினால் அந்த 25 சதவீதம் முழுக்கப் போகும். அப்படி முழுத் தொகையையும் பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அசையாச் சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், அந்த விலையிலிருந்து 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துச் செலுத்துவது வாங்குபவர் பொறுப்பு. இயந்திரமும் சேர்ந்து விற்பனைக்கு வந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. தனியாக உண்டா என்று அறிவிப்பில் பாருங்கள்.

அறிவிப்பில் கூர்ந்து பார்க்க வேண்டிய சொல் ‘சுவாதீனம்’. நேரடிச் சுவாதீனம் என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. குறியீட்டுச் சுவாதீனம் என்றால் காகிதத்தில் மட்டும். உள்ளே பழைய முதலாளியோ, வாடகைதாரரோ, காவலாளியின் குடும்பமோ இருக்கலாம். வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். நீங்கள் 90 லட்சத்தையும் கட்டிவிட்டு வெளியே நிற்பீர்கள். ஏல அறிவிப்பு வெளியானதோடு கடனாளி பணம் கட்டி மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனாலும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டுத் தடை கேட்பது நிற்கவில்லை. வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சு உதவாது.

அடுத்தது மின் பாக்கி. ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் நிலையில்’ என்று விற்கப்படும் சொத்தில், மின் விநியோக விதிகள் இடம் கொடுத்தால், பழைய பாக்கியைக் கட்டிய பிறகே இணைப்பு என்று மின் நிறுவனம் சொல்லலாம். உச்ச நீதிமன்றத்தின் 2023 மே மாதத் தீர்ப்பு அது. சேகோ ஆலையின் மின் கட்டணம் சின்னத் தொகையல்ல. இணைப்பு எண்ணை எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகம் போய், பாக்கியும் வட்டியும் எவ்வளவு என்று கேட்டு, அதை உங்கள் உச்சவிலையிலிருந்து கழித்துவிடுங்கள். தொழில் நிறுவனமாகவே கைமாறினால் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பாக்கியும் புதியவர் தலையில் விழ வழியுண்டு. சொத்து வரி, தண்ணீர் வரி ஆகியவற்றின் ரசீதுகளையும் பாருங்கள்.

நேரில் போய்ப் பார்க்காமல் கேட்கவே கூடாது. மூடிய ஆலையில் முதலில் காணாமல் போவது மோட்டாருக்குள் இருக்கும் தாமிரம். வெளியே இரும்புக் கூடு அப்படியே இருக்கும், உள்ளே சுருள் இருக்காது. எலெக்ட்ரீசியனையும் ஃபிட்டரையும் கூட்டிப்போய் அரவை இயந்திரம், பம்பு, வறுக்கும் அடுப்பு, படிவுத் தொட்டியின் விரிசல் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் ஏலப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி. இடம் ஒரு வங்கியிலும் இயந்திரம் இன்னொரு வங்கியிலும் அடகாக இருப்பது உண்டு. அப்போது நீங்கள் வாங்கியது வெறும் கொட்டகை.

வராதவை இன்னும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் உங்கள் பெயரில் புதிதாக வேண்டும். கழிவுநீர் அதிகம் வரும் தொழில் என்பதால் வாரியத்தின் இசைவு கிடைக்குமா என்பதே ஆலையின் விலையைத் தீர்மானிக்கும். சேகோசர்வ் வழியாக விற்க அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் பிராண்டு பழைய முதலாளியுடையது. தனி ஒப்பந்தம் எழுதி வாங்காமல் அந்தப் பெயரில் ஒரு மூட்டைகூட விற்க முடியாது.

ஏற்காட்டுச் சொத்தென்றால் ஒன்று கூடுதல். ஹாக்கா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு அங்கே உண்டு. ரிசார்ட் அறைகள் அனுமதி வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வாங்கினால் பூட்டி வைத்த அறைக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் ஆவீர்கள்.

திவால் ஏலம்

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் பெரும்பாலும் கம்பெனிகளே வரும். தனிநபர் பெயரில் நடந்த பட்டறை வராது. அதனால் சேலம் வட்டாரத்தில் எண்ணிக்கை குறைவு. தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு கலைப்புக்கு உத்தரவிட்ட கம்பெனிகளைத் தேடுங்கள். சொத்துகளைக் கலைப்பாளர் ஒவ்வொன்றாகவோ, தொகுப்பாகவோ, மொத்தமாகவோ விற்கலாம். மொத்தமாக வந்தால் இடம், இயந்திரம், வணிக முத்திரை மூன்றையும் ஒரே விலையில் பிடிக்க வாய்ப்பு. வங்கி ஏலத்தில் இது கிடைப்பதில்லை.

இதன் பெரிய லாபம் பழைய பாக்கியில். 2023 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, கலைப்பில் இருக்கும் கம்பெனியிடம் மின் நிறுவனம் தன் பாக்கியைச் சட்டம் வகுத்த பங்கீட்டு வரிசையில் நின்றுதான் கேட்க வேண்டும். இரண்டே மாத இடைவெளியில் வந்த இரண்டு தீர்ப்புகள். எந்த ஏலம் என்பதைப் பொறுத்து ஒரே மாதிரிப் பாக்கி உங்கள் தலையில் விழலாம், விழாமலும் போகலாம். அப்படியும் ஏல ஆவணத்தில் பாக்கி பற்றிய வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணம் கட்டவும் இங்கே மூச்சு விட நேரம் உண்டு. 30 நாளுக்குள் கட்டினால் வட்டியில்லை. அதற்கு மேல் 12 சதவீத வட்டியுடன் 90 நாள் வரை. முன் சொன்ன 1 கோடியே 20 லட்சத்தில் 11 லட்சம் போக 1 கோடியே 9 லட்சம் பாக்கி. 60 நாள் தாமதித்தால் வட்டி சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம். வங்கிக் கடன் அனுமதி வரும்வரை வாங்கும் அவகாசத்துக்கு இது மலிவு.

எதிர்ப்பக்கம்: 29ஏ பிரிவின்படி தகுதி உறுதிமொழி தர வேண்டும். வேண்டுமென்றே கடன் கட்டாதவர், வாராக் கடனான கம்பெனியை நடத்தியவர், அவர்களைச் சார்ந்தவர் கேட்க முடியாது. உறவில் யாருக்காவது அப்படி ஒரு கம்பெனி இருந்தால் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். மறைத்தால் கட்டிய பணம் போகும். கலைப்பு உத்தரவோடு ஊழியர்கள் விடுவிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. பழைய சம்பளச் சுமை இல்லை, கை பழகிய ஆளும் இல்லை.

இணையக் கடை

ஃபிளிப்பா 2009-இல் மெல்போர்னில் தொடங்கியது. அங்கே ஒரு நகைக் கடைத் தளத்தையோ சேலைக் கடைத் தளத்தையோ ஏலத்தில் எடுக்கலாம். நேரில் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஒதுக்குங்கள். வருகைப் புள்ளிவிவரத்துக்குப் பார்வை அனுமதி கேளுங்கள், பணம் வரும் கணக்கை வீடியோ அழைப்பில் உங்கள் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பனைக்கு மூன்று மாதம் முன்பு மட்டும் வருகை ஏறியிருந்தால் அது காசு கொடுத்து ஓட்டிய விளம்பரமாக இருக்கலாம். மொத்த விற்பனையை லாபம் போலக் காட்டுவது அங்கே வாடிக்கை.

பணத்தை எஸ்க்ரோ வழியாக, அதாவது சரக்கு கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் மூன்றாம் நபர் வழியாக மட்டும் செலுத்துங்கள். டொமைன் (தள முகவரி), கடைக் கணக்கு, மின்னஞ்சல் பட்டியல், சமூக ஊடகப் பக்கங்கள் எல்லாம் கைக்கு வந்து சரிபார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஆடிட்டர் சான்றும் வரிப் பிடித்தமும் தேவைப்படலாம். ஏலம் முடிந்த பிறகு அதற்காக ஓடினால் தவணை தவறும்.

நம் ஊர்க்காரர் இடறும் இடம் பணம் வாங்கும் வழி. இணையக் கடை நடத்த உதவும் தளமான ஷாப்பிஃபையின் சொந்தப் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவில் கிடையாது. அமெரிக்கக்காரர் அதை வைத்து நடத்திய கடையை வாங்கினால், பணம் வாங்க வேறு நிறுவனத்தின் கேட்வே போட்டு, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் சுமக்க வேண்டும். பேபால் வழியாக இந்தியாவில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் பணத்தை மட்டுமே வாங்க முடியும். ஈபே கணக்கைப் பின்னூட்டத்தோடு சேர்த்து விற்கிறேன் என்று யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஈபே அனுமதியில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது.

வாங்கியதை எடுத்துச் சொல்ல

சேகோ ஆலைக்கு விளம்பரம் என்று தனியாகச் செலவு வேண்டியதில்லை. தரமான மாதிரி சேகோசர்வ் டெண்டரில் தொடர்ந்து வந்தால் மகாராஷ்டிரம், குஜராத் பக்கத்து வியாபாரிகள் ஆலையின் பெயரை ஞாபகம் வைப்பார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வெள்ளிக் கொலுசு, வெண்பட்டு போன்ற சரக்குக்கு ஏலமே விளம்பரம் ஆகும். ஈபே ஏலத்துக்கு 1, 3, 5, 7, 10 நாள் என்று காலம் உண்டு. 7 நாள் வைத்து, அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும்படி செய்யுங்கள். அங்கே கோடையில் அது நமக்குத் திங்கள் காலை 6.30. சில்லறைக் காசில் ஆரம்பித்தால் கூட்டம் சேரும் என்பார்கள். வெள்ளிக்கு அது ஆகாது. எடையின் உலோக விலையும் கூலியும் சேர்ந்த தொகைக்குக் கீழே ஆரம்ப விலை போகக் கூடாது. ‘925’ (92.5 சதவீத வெள்ளி) என்று எழுதினால் சரக்கு அந்த டச்சில், அதாவது அந்தத் தூய்மையில் இருக்க வேண்டும். உள்ளூர்க் கணக்கில் குறைந்த டச் கொலுசை அப்படிப் போட்டால் திரும்பி வரும், கணக்கும் முடங்கும். மச்சானை விட்டு விலையை ஏற்றுவதும் தடை.

மாதம் இரண்டு ஜோடி மட்டும் ஏலத்தில் விட்டு, அதே வடிவங்களை நிலையான விலையில் பக்கத்தில் வையுங்கள். ஏலத்தில் தோற்றவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு அழைப்பை அன்றே அனுப்பினால் ஒரே ஏலத்தில் இரண்டாவது ஜோடியும் போகும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. அதனால் வரியை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் வாங்கியவர் பார்சலை எடுக்க மறுப்பார், திரும்பி வரும் கூரியர் செலவு உங்கள் கணக்கில் ஏறும்.