பேக்கோவா, சிறு கீறலா? புரை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பேக்கோ நல்லதா, சாதா ஆபரேஷனே போதுமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது.

பேக்கோவில் 3 மி.மீ.க்கும் குறைவான கீறல். அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரிப்பார்கள். 'சாதா' என்று சொல்லப்படும் சிறு கீறல் முறையில் 6, 7 மி.மீ. அளவுக்குச் சுரங்கம்போல வெட்டி, புரையின் நடுவிலுள்ள கெட்டியான கொட்டையை முழுசாக வெளியே எடுப்பார்கள். இரண்டிலும் பெரும்பாலும் தையல் இல்லை. புரை மென்மையாக இருந்தால் பேக்கோதான்: கண் சீக்கிரம் தேறும், சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் கண்ணாடிப் பவர்) குறைவாக வரும்.

பழுப்பேறிக் கல்லாகிவிட்ட புரை என்றால் கதையே வேறு. அதை உடைக்க அல்ட்ராசவுண்ட் அதிக நேரம் ஓட வேண்டும். அந்த அதிர்வும் சூடும் கருவிழியின் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) உட்பக்கச் செல்களைப் பாதிக்கும். போன செல்கள் திரும்ப முளைக்காது. நிறையப் போனால் கருவிழி வீங்கி மங்கிவிடும். இன்னொரு பயம், புரைக்குப் பின்னால் இருக்கும் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது கிழிந்தால் பின்னாலுள்ள ஜெல் முன்னே வரும். சில சமயம் புரைத்துண்டு கண்ணின் அடியாழத்தில் விழுந்து, விழித்திரை மருத்துவர் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். இப்படிப்பட்ட கண்ணுக்கு, கை பழகியவர் செய்யும் சிறு கீறலுக்கே என் ஓட்டு. மதுரை அரவிந்த் மருத்துவமனையில் இந்த முறை நிறைய நடப்பதற்குச் செலவு குறைவு மட்டுமே காரணம் இல்லை.

ஆனால் பாப்பா (கண்ணின் நடுவே ஒளி நுழையும் கறுப்பு வட்டம்) விரியாத கண்ணில் சிறு கீறலும் சுலபமில்லை. அவ்வளவு பெரிய கொட்டை அந்தச் சின்ன வட்டத்தைத் தாண்டி வர வேண்டுமே! பேக்கோவில் கொக்கியோ வளையமோ போட்டு விரித்துச் சமாளிக்கலாம். கண்ணின் இயற்கை லென்ஸைப் பிடித்திருக்கும் நூலிழைகள் தளர்ந்திருந்தால் இரண்டுமே கஷ்டம்.

லேசர் ஆபரேஷனா? காசு கூடுதல். சிக்கல் குறைகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை.

அப்புறம், புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷன் நடுவே பாப்பாவைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்ற நிறப்படலம் ஈரத்துணிபோலத் துவண்டு, நீரோட்டத்தில் அலைந்து, கீறல் பக்கமே வந்து சொருகும். பாப்பாவும் சுருங்கிப்போகும். மாத்திரையை நிறுத்தி மாதங்கள் ஆனாலும் இது நடக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் மருந்தும் வளையமும் தயாராக வைத்துக்கொள்வார். ஆகவே அப்பாவின் பழைய மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.