250 ரூபாய் கிட்டா, லேப் டெஸ்டா? இரண்டையும் பார்த்தவரின் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொரோனாவுக்கு வீட்டில் பார்க்கிற கிட் பாசிட்டிவ் காட்டினால் நம்புங்கள், நெகட்டிவ் காட்டினால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். மீதியைப் படிக்க நேரம் இருப்பவர்கள் தொடரலாம்.

இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அனுமதியோடு முதலில் வந்த வீட்டு கிட், புனேயின் மைலேப் கம்பெனி 2021 மே மாதம் கொண்டுவந்த கோவிசெல்ஃப், அப்போதைய விலை 250 ரூபாய். அப்புறம் அதே பாணியில் நிறைய வந்துவிட்டன. அதே மே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் தனியார் லேப்களில் எடுக்கிற ஆர்டி-பிசிஆர் (சுருக்கமாக பிசிஆர்) டெஸ்டின் கட்டணத்தை 1200-லிருந்து 900 ஆகக் குறைத்தார்கள், வீட்டுக்கு வந்து எடுத்தால் 300 கூடுதல். அந்த விலையில், நாலு பேர் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஆயிரம், இன்னொரு பக்கம் மூவாயிரத்து அறுநூறுக்கு மேல். கை தானாகவே கிட் பக்கம்தான் போகும்.

கிட்டில் பெரிய வேலை இல்லை. குச்சியை இரண்டு மூக்கிலும் சுழற்றி, குப்பியில் இருக்கிற திரவத்தில் நன்றாகக் கலக்கி, குச்சியை ஒடித்துவிட்டு மூடியைப் போட்டு, அட்டையில் இரண்டு சொட்டு. 15 நிமிடத்தில் ரிசல்ட். அட்டையில் 'சி' எழுத்துப் பக்கம் கோடு வரவில்லை என்றால் கிட்டே வீண். 'டி' எழுத்துப் பக்கம் வருகிற கோடு சில நேரம் அவ்வளவு மங்கலாக இருக்கும், டியூப்லைட் அடியில் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மங்கலானாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ்தான். ஆனால் 20 நிமிடம் தாண்டித் தெரிகிற கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நான் வாங்கிய கம்பெனியின் ஆப் ஓடிபி அனுப்பாமல் படுத்திய பாடு தனிக்கதை, பெயர் வேண்டாம்.

லேப் டெஸ்டுக்கு வந்த தம்பி தொண்டையிலும் எடுத்தார், மூக்கிலும் ஆழமாக விட்டார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீட்டு கிட்டில் இந்த வேதனை இல்லை என்பதற்கே தனியாக மதிப்பெண் தரலாம். ராத்திரிக்குள் என்று சொன்ன ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது.

ஆனாலும் விலை வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. கிட் தேடுவது வைரஸின் புரதத்தை, அதனால்தான் இதை ஆன்டிஜென் டெஸ்ட் என்கிறார்கள். அது மூக்கில் கணிசமாகச் சேர்ந்தால்தான் கோடு தெரியும். பிசிஆர் வைரஸின் மரபணுத் துண்டைப் பிடித்து ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது, அதனால் கொஞ்சூண்டு இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். எத்தனையாவது சுற்றில் மாட்டியது என்பதுதான் ரிப்போர்ட்டில் வருகிற சிடி வேல்யூ. அது குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பிசிஆரில் பாசிட்டிவ் ஆனவர்களில் அறிகுறி இருந்தவர்கள் என்றால் சுமார் 73 சதவீதம் பேரையும், அறிகுறி இல்லாதவர்கள் என்றால் சுமார் 55 சதவீதம் பேரையும்தான் ஆன்டிஜென் டெஸ்டுகள் பிடித்தன. அதாவது ஜுரம் இல்லாமல், கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் சும்மா ஒருதரம் பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று பாட்டி பக்கத்தில் போய் உட்காருவது கிட்டத்தட்ட பூவா தலையா போடுவதுதான். பல மாநிலங்கள் ஆன்டிஜென் டெஸ்டை அள்ளிவிட்ட 2020-இல் தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டிருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அதற்காக பிசிஆர்தான் எல்லாவற்றுக்கும் என்றில்லை. குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் செத்த வைரஸின் மிச்சத்தை வைத்து அது பாசிட்டிவ் காட்டும். வேலைக்குத் திரும்ப நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்ட ஆபீஸ்களால் நன்றாக இருந்தவர்கள்கூட வீட்டில் முடங்கியது இதனால்தான். அந்த இடத்தில் 250 ரூபாய் கிட்டே மேல்.

என் மதிப்பெண்: கிட்டுக்கு ஐந்தில் மூன்றரை, பிசிஆருக்கு நாலு. ஜுரம், இருமல் இருந்தும் கிட் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று போடுங்கள். வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம், நேராக டாக்டரைப் பார்த்து பிசிஆர் எடுத்துவிடலாம். கிட் வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாத பொருளை வெயில் அடிக்கிற ஷோகேஸிலிருந்து எடுத்துக் கொடுத்தால் தள்ளுபடி எவ்வளவு என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.